முழங்காலை விசாரிக்காத கடிதம்

மேட்லாக், டார்பிஷர்
9 ஏப்ரல் 1978

அன்புத் தங்கை தெல்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் இந்தப் பெரிய வீடும்தான். உன் இருமல் விட்டதா? குரோமர் கடற்காற்று குளிர்காலத்தில் உனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் தான் இருப்பதை நினைவுபடுத்துகிறது.

ஒரு செய்தி. ஈஸ்டர் அன்று கனடாவிலிருந்து நைஜல் தொலைபேசியில் பேசினான். "அம்மா, கராஜுக்கு மேல ஒரு ரூம் போட்டிருக்கோம். அப்பாவும் போயாச்சு, அவ்வளவு பெரிய வீட்ல தனியா இருந்து என்ன பண்றீங்க? வந்துடுங்களேன்" என்றான். பின்னாலிருந்து அவன் மனைவி டார்லீனும், "வாங்க அத்தை, வாங்க" என்றாள். பிள்ளை இவ்வளவு ஆசையாகக் கூப்பிடும்போது என்ன சொல்வது? சரி என்றேன். வீட்டை விற்றுவிட்டுப் போவதென்றால் ஆகஸ்டில் கிளம்பவேண்டியிருக்கும். போனால் போனதுதான். இந்த வயதில் திரும்பி வருவதெல்லாம் நடக்கிற காரியமா?

வீட்டுத் தரகரிடம் இன்னும் பேசவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று தயங்காமல் எழுது. அதைப் பார்த்த பிறகு பேசலாம் என்றிருக்கிறேன்.

தரகர் ஆட்களைக் கூட்டிவந்தால் ஜூனில் நம் லட்லோ வாரத்துக்கு என்னால் வரமுடியாது. உன் அத்தான் சிரில் போனதிலிருந்து நாம் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை, இல்லையா? நாம் தங்கும் மிஸஸ் பிரீஸ் வீட்டு அறையை ரத்து செய்துவிடாதே. நீயாவது போய்த் தோட்டங்களைப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
ஈனிட்


குரோமர், நார்ஃபோக்
23 ஏப்ரல் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, தும்மல் வந்திருக்கிறது. மற்றபடி குறையில்லை. உன் முழங்காலுக்கு நான் சொன்ன வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, அல்லது கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறாயா?

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். பல் டாக்டரிடம் ஒரே கூட்டம். ஊரிலுள்ள கடைவாய்ப் பற்களெல்லாம் பேசிவைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் வலிக்கின்றன. வருகிறவர்களை உட்காரவைத்து, "வலிக்கவே வலிக்காதுங்க" என்று நாள் முழுக்கப் பொய் சொல்வதுதானே என் வேலை.

உன் செய்தியைப் படித்தேன். நல்ல முடிவு. நைஜல் பொறுப்பான பையன். கனடாவில் காற்று சுத்தம் என்கிறார்கள். வீடுகளெல்லாம் கதகதப்பாக இருக்குமாம். மேட்லாக் மேட்டில் ஏறி இறங்க உன் முழங்காலுக்கு இனி முடியாது, அதுவும் உண்மை. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. லட்லோவுக்குத் தனியாகவே போய்வருகிறேன். காரில் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "இடது பக்கம்" என்று சொல்ல ஆளில்லாததால் இந்த வருஷமாவது நேரத்துக்குப் போய்ச்சேர்வேன்.

நைஜலுக்கும் டார்லீனுக்கும் என் அன்பைச் சொல்.
உன் தங்கை,
தெல்மா


மேட்லாக்
20 மே 1978

அன்புத் தங்கை தெல்மாவுக்கு,

நான் நலம். தும்மல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நல்ல முடிவு என்று எழுதியிருந்தாய். இரண்டு முறை படித்தேன். தரகரிடம் பேசிவிட்டேன். வாசலில் பலகை நட்டாகிவிட்டது.

இதுவரை நான்கு குடும்பத்தார் வந்து பார்த்தார்கள். ஒரு பெண்மணி சமையலறையைப் பார்த்து, "அடடா, அந்தக் காலத்து மாதிரியே இருக்கே" என்றாள். புகழ்ந்தாளா இகழ்ந்தாளா தெரியவில்லை. நன்றி சொல்லிவைத்தேன். தேவாலயத்தில் பூ அலங்காரம் செய்யும் எங்கள் குழுவினர் எனக்கு வழியனுப்பு விருந்து வைக்கிறார்களாம். ஜூலை பதினைந்து. வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள்.

லட்லோவில் மழை பெய்யாமல் இருக்கட்டும். நடுவதற்கு ஒடிக்கும் செடிக் குச்சிகளுக்காக உன் கைப்பையில் ஈரக் காகிதம் வைத்துக்கொள்ள மறக்காதே. காவலுக்கு நான் இல்லை, கவனம்.

ஈனிட்


மிஸஸ் பிரீஸ் வீடு, லட்லோ
12 ஜூன் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமாக வந்துசேர்ந்தேன். உன் முழங்கால் எப்படி? மிஸஸ் பிரீஸும் அதைத்தான் முதலில் விசாரித்தாள். அவள் இன்னும் முட்டையைக் கல்லாக அவித்துத்தான் வைக்கிறாள். "ரெண்டு கட்டிலும் போட்டே வச்சிருக்கேன், ஒண்ணுல நீங்க பெட்டி வச்சுக்கோங்க" என்றாள். பெட்டி மெத்தையில் படுத்திருக்கிறது. அதற்கு நல்ல தூக்கம்.

இன்று அந்தப் பெரிய மாளிகைத் தோட்டம். அதே டிக்கெட் அறை, அதே மயில், அதே கடுகடுத்த தோட்டக்காரர். பியோனிப் பூக்கள் மழையில் நனைந்து தலை கவிழ்ந்திருந்தன. நீ இருந்திருந்தால் ஒவ்வொரு செடியின் பெயர்ப்பலகையையும் குனிந்து சத்தமாகப் படித்திருப்பாய், நான் "யாருக்குப் படிக்கறே, செடிக்கா?" என்று கேட்டிருப்பேன். இன்று யாரும் படிக்காததால் எந்தச் செடியின் பெயரும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு குச்சிகூட ஒடிக்கவில்லை. நீ உரிமையாளரிடம் ஓடில்லா நத்தைகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால்தானே நான் கையை வைக்கமுடியும்? தனியாள் திருட்டு எனக்குப் பழக்கமில்லை. தேநீர்க் கூடத்தில் யோசிக்காமல் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன். திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்தது. இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன்.

வீடு பார்க்க யாராவது வந்தார்களா? எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, சும்மா கேட்டேன்.

தெல்மா


லட்லோ
14 ஜூன் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுப் போட்ட கடிதமே உனக்கு இன்னும் வந்திருக்காது. இருந்தாலும் இதை இப்போதே எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். முழங்காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு படி.

இன்று நெதர் ஹோப் கிராமத்தில் பாதிரியார் வீட்டுத் தோட்டத்தைத் தருமத்துக்குப் பணம் திரட்ட எல்லோருக்கும் திறந்துவிடும் நாள். மூன்று மணிக்கு, கேக்கும் தேநீரும் உண்டு என்று மிஸஸ் பிரீஸ் சொல்லியிருந்தாள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மஞ்சள் அட்டை, அதில் அம்புக்குறி. அம்பு காட்டிய பக்கம் திரும்பினேன். ஒரு கல் வீடு வந்தது. காரை நிறுத்துவதற்குள் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க வாங்க. மூணு மணின்னு சொன்னாங்க, டாண்ணு வந்துட்டீங்க. மேலயிருந்து ஆரம்பிக்கலாமா, கீழயிருந்தா?"

சரிவில் இருக்கும் தோட்டம் போலிருக்கிறது என்று நினைத்து, "மேலயிருந்தே ஆரம்பிக்கலாங்க" என்றேன். அவர் என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய் மாடிப்படி ஏறச் சொன்னார்.

நான் ஏறினேன் அக்கா. வேறு என்ன செய்வது? மேலிருந்து பார்த்தால் தோட்டம் மொத்தமாகத் தெரியும், நல்ல யோசனைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் படுக்கையறைக் கதவைத் திறந்தார். நான் கட்டிலைப் பார்க்காமல் நேரே ஜன்னலுக்குப் போனேன். "காட்சி ரொம்ப நல்லாருக்குங்க" என்றேன். "மூலையில ஈரம் கசியுது பாத்தீங்களா?" என்று சுவரைக் காட்டினார். என்ன சொல்வதென்று தெரியாமல், "எங்க வீட்லயும் உண்டுங்க" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

அடுத்து குளியலறை. குழாயைத் திறந்து காட்டினார். "தண்ணி மெதுவாத்தான் வரும். குளிக்கறதுக்குள்ள ஒரு தூக்கம் போடலாம்."

"பரவாயில்லீங்க, அவசரம் என்ன."

"எலி வேற இருக்கு" என்றார், ஆசையாக.

"எங்கதாங்க இல்லை."

அவர் பெருமூச்சு விட்டார். தருமத்துக்குத் தோட்டம் திறப்பவர் எலியைப் பற்றி ஏன் இவ்வளவு ஆர்வமாகப் பேசுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டும்போது, "இதையெல்லாம் எனக்கு எதுக்குக் காட்டறீங்க?" என்று கேட்பது மரியாதையா? "இதுவரைக்கும் நிறையப் பேர் வந்தாங்களா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "இந்த வாரத்துல நீங்க மூணாவது" என்றார். பாவம், கூட்டமே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் கூடுதலாகப் புகழ்ந்தேன்.

பிறகுதான் தோட்டம். சின்னதுதான் அக்கா, ஆனால் நம் இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யாருக்கும் காட்டுவதற்காக வைத்ததில்லை. ஒரு வயதான பேரிக்காய் மரம், அதன் மேல் ஏறிய ரோஜா, அவரைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே நீல டெல்ஃபினியம், சமையலறை ஜன்னலுக்கு அடியில் வெள்ளை ஃப்யூஷியா. ஒரு பெயர்ப்பலகை கிடையாது. அவர் தேநீருக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போனார். என் கை சும்மா இருக்குமா? ஃப்யூஷியாவில் ஒரு நுனிக் குச்சியை ஒடித்துக் கைப்பைக்குள் ஈரக் காகிதத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் திறந்தது. கையும் களவுமாக அகப்பட்டேன்.

"வீட்டையே வாங்கப் போறீங்க, அந்தக் குச்சியைப் போய் எதுக்குத் திருடறீங்க?" என்றார்.

"வீடா? எந்த வீடு?"

"இந்த வீடுதான். தரகர் அனுப்பித்தானே வந்தீங்க?"

"நான் தோட்டம் பாக்க வந்தேங்க. மஞ்சள் அட்டை..."

"அது பாதிரியார் வீடு. அந்தப் பக்கம். அட்டை காத்துல திரும்பிருக்கும்." அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "அப்புறம் ஏங்க பெட்ரூம் வரைக்கும் வந்தீங்க?"

"நீங்க கூப்பிட்டீங்களே! வர மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அக்கா, மனிதர் வெளியே வந்து அவரைப் பந்தலைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு! அசடு வழிந்துகொண்டிருந்த எனக்கும் தொற்றிக்கொண்டது. விற்பனைப் பலகை வேலியில்தான் இருந்திருக்கிறது. ஹனிசக்கிள் கொடியை அதன் மேல் ஏறவிட்டிருக்கிறார், வேண்டுமென்றே.

தேநீர் குடித்தபடி சொன்னார். பெயர் கார்ஃபீல்டு, கால்நடை மருத்துவராக இருந்தவர், மனைவி போய்விட்டாள். மகள் பிரிஸ்டலில். "அங்க போகட்டுமான்னு அவளைக் கேட்டேன். 'உங்க இஷ்டம்பா'ன்னா. நான் 'உன் இஷ்டம்மா'ன்னேன். மறுநாள் பலகை நட்டுட்டாங்க."

"உங்களுக்குப் போக இஷ்டமா?"

"இல்லவே இல்ல."

"அவங்ககிட்ட அதைச் சொன்னீங்களா?"

"அவ மனசு நோகுமே."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? இந்த மரத்தை விட்டுட்டுப் போய் அங்க என்ன ஜன்னல் வழியா பஸ்ஸை எண்ணப் போறீங்களா? விக்காதீங்க. இன்னைக்கே சொல்லுங்க" என்றேன். முன்பின் தெரியாத மனிதரிடம்! அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "சரிங்க" என்றார், டாக்டர் சொன்னதைக் கேட்கிற நோயாளி மாதிரி. வரும்போது ஃப்யூஷியாவில் இன்னும் நான்கு குச்சி அவரே ஒடித்துக் கொடுத்தார். திருடாமல் கிடைத்ததால் அவை வேர் பிடிக்குமா என்று சந்தேகமாக இருக்கிறது.

உண்மையில் வீடு பார்க்க வரவேண்டிய தம்பதி அம்பைப் பார்த்துக் குழம்பி, யாரிடமோ வழி கேட்டு, பாதிரியார் தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம். கேக் சாப்பிட்டுவிட்டு, "விலை ஏதாவது குறையுமா?" என்று பாதிரியாரைக் கேட்டார்களாம். மிஸஸ் பிரீஸ் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நீயும் இருந்திருக்கவேண்டும்.
தெல்மா


மேட்லாக்
25 ஜூன் 1978

அன்புத் தங்கை தெல்மாவுக்கு,

நலமாக ஊர் திரும்பியிருப்பாய். இங்கேயும் குறையில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்த்தாள். பிறகு மறுபடி படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

ஷெஃபீல்டிலிருந்து ஒரு தம்பதி வீட்டைப் பிடித்துப்போய்ப் பேசி முடித்துவிடலாம் என்கிறார்கள். விமானம் ஆகஸ்ட் பன்னிரண்டு. பூக் குழுவினர் கேக்கின் மேல் சிவப்புச் சர்க்கரையில் கனடாவின் மேப்பிள் இலை வரையப் போகிறார்களாம்.

ஒன்றே ஒன்று சொல்லவேண்டும். ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கிற நேரத்துக்குள், முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் விற்காதீர்கள் என்று சொல்ல உனக்கு வாய் வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம்தான். அவர் கொடுத்துவைத்தவர்.

ஃப்யூஷியாவுக்கு அதிகம் தண்ணீர் விட்டுவிடாதே.
ஈனிட்


குரோமர்
28 ஜூன் 1978

அக்கா,

போகாதே.

நல்ல முடிவு என்று எழுதியது பொய். அதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களை அடுப்பில் போட்டேன். இரண்டிலும் இதைத்தான் எழுதியிருந்தேன். பிள்ளை கூப்பிடும்போது குறுக்கே நிற்க நான் யார் என்று தோன்றிற்று. நீ போக ஆசைப்படுகிறாய் என்று நினைத்தேன். ஒருவேளை நிஜமாகவே ஆசைதானோ என்னவோ. இருந்தாலும் போகாதே.

எனக்குக் கஷ்டமில்லை, கஷ்டமில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தேன். கஷ்டம்தான். ரொம்பக் கஷ்டம். லட்லோவில் ஒரு வாரம் முழுக்க, பார்த்ததையெல்லாம் உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் பார்த்தேன். நீ அங்கே போய்விட்டால் நான் எதற்குப் பார்க்கவேண்டும்?

தெல்மா


குரோமர்
3 ஆகஸ்ட் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நல்ல வெயில். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பயணத்துக்கு முன் டாக்டரிடம் காட்டினாயா?

நான் எழுதியதற்கு ஜூலை முழுக்கப் பதில் வரவில்லை. போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீ மேட்லாக்கில் மழை என்றாய், நான் இங்கே மழையில்லை என்றேன். பிறகு இருவரும் வைத்துவிட்டோம். விருந்து எப்படி நடந்தது என்றுகூடக் கேட்க எனக்குத் துப்பில்லை. உன் பக்கத்து வீட்டு அம்மாளின் வாழ்த்து அட்டையிலிருந்துதான் தெரிந்தது, பூக் குழுவினர் உனக்குத் தோல் பெட்டி ஒன்று பரிசளித்தார்களாம், பூட்டின்மேல் உன் பெயரின் முதலெழுத்து பொறித்து. இனி என்ன, எல்லாம் முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

ஜூனில் நான் எழுதியதைப் பொருட்படுத்தாதே. பயணக் களைப்பில் ஏதோ எழுதிவிட்டேன். நீ போவதுதான் சரி. நைஜல் பாவம், ஆசையாகக் கூப்பிட்டான். பன்னிரண்டாம் தேதி விமான நிலையத்துக்கு வழியனுப்ப வரட்டுமா? தொந்தரவு இல்லையென்றால் மட்டும்.

உன் தங்கை,
தெல்மா


கால்கரி, கனடா
16 ஆகஸ்ட் 1978

என் அருமைத் தெல்மாவுக்கு,

சுகமாக வந்துசேர்ந்தேன். நீ கடிதம் வரவில்லையே என்று தவித்திருப்பாய், விமானத்தைப் பார்த்து அழுதிருப்பாய். திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். செப்டம்பர் ஒன்பதாம் தேதி வாங்கிக்கொள்கிறேன். அன்றுதான் திரும்பி வருகிறேன். வீடு விற்கவில்லை.

உட்கார்ந்துகொண்டாயா? இப்போது படி.

ஜூன் கடைசியில் உன் கடிதம் வந்தது. உறையைப் பிரித்தால், நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. முழங்காலை விசாரிக்கவில்லை. என் உடன்பிறந்தவள் பிறந்ததிலிருந்து மரியாதை தவறியதில்லை, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அந்த ஒரு வார்த்தையைப் படித்தேன். என் வயிற்றில் பாலை வார்த்தாய் தெல்மா. ஏப்ரலில் அந்த வார்த்தைக்காகத்தான் அவ்வளவு சுற்றி வளைத்து எழுதினேன். நேரே "போகவேண்டாம் என்று சொல்லேன்" என்று கேட்க எனக்கும் வாயில் கொழுக்கட்டைதான்.

ஷெஃபீல்டு தம்பதி மறுபடி வந்தார்கள். உன் கார்ஃபீல்டின் வழியைப் பின்பற்றினேன். கல் குவாரியில் வெடி வைத்தால் தட்டுகள் ஆடும் என்றேன், படிகள் ஆளைக் கொன்றுவிடும் என்றேன், எலியையும் சேர்த்துக்கொண்டேன், எலி என்னை மன்னிக்கட்டும். அவர்களோ, "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமாங்க" என்று இன்னும் அன்பாகச் சிரித்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்: "எனக்கு விக்க மனசில்லைங்க." அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை முதல்லயே சொல்லிருக்கலாமே" என்றாள். சொல்லியிருக்கலாம்.

ஆனால் விருந்து! அழைப்பெல்லாம் போய்விட்டது. கேக்கில் இலை வரைந்தாகிவிட்டது. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன், எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று. அதற்குள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டார்கள். எல்லோரும் காசு போட்டு வாங்கிய பெட்டி. பூட்டில் என் எழுத்து. "நான் எங்கேயும் போகலைங்க" என்று சொல்ல எந்த மனுஷியால் முடியும்? நன்றி சொல்லி, அழுது, கேக்கை வெட்டி, இலையின் காம்பைச் சாப்பிட்டேன். பெட்டியைப் பரணில் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் பெட்டியை எடுத்துக்கொண்டு கனடாவுக்கே வந்துவிட்டேன், நான்கு வாரத்துக்கு. திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கினேன்.

உனக்கு முன்பே எழுதாததற்குக் காரணம் இதுதான். நைஜலிடம் முகத்துக்கு நேரே சொல்லும் வரைக்கும் எனக்கே என் மேல் நம்பிக்கையில்லை. அவன் விமான நிலையத்தில் கட்டிக்கொண்டால் நான் மறுபடி சரி என்று தலையாட்டிவிடுவேனோ என்று பயம். உன்னிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

நேற்று இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். "நைஜல், நான் இங்கயே இருக்க வரலைப்பா. பாத்துட்டுப் போக வந்தேன்." நைஜல் கரண்டியை வைத்துவிட்டு டார்லீனைப் பார்த்தான். டார்லீன் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் பார்த்தால் அது சந்தோஷ அழுகை! "கோவிச்சுக்காதீங்க அத்தை. நாங்க கூப்பிடணும்னு நீங்க எதிர்பாக்கறீங்கன்னு இவர் சொன்னாரு. கூப்பிடலைன்னா உங்க மனசு நோகுமேன்னுதான் கூப்பிட்டோம். அந்த ரூம்ல என் தையல் மெஷின் இருந்துச்சு" என்றாள். நைஜல் காதெல்லாம் சிவந்துவிட்டான். "நீங்க தனியா தவிக்கறீங்கன்னு நினைச்சேம்மா" என்றான். "நான் தவிச்சது இங்க வரணுமேன்னு" என்றேன். பிறகு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் சூப் ஆறிவிட்டது. இன்று காலை நானே கைகொடுத்துத் தையல் மெஷினை மாடிக்குத் திருப்பி ஏற்றினோம். இதுவரை இல்லாத அளவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று எனக்கு.

ஆகஸ்டில் நீ எழுதிய கடிதமும் நான் கிளம்புவதற்கு முன்பே வந்தது. நீ வழியனுப்ப வந்தால் எல்லாவற்றையும் உளறிவிடுவேன் என்றுதான் பதில் போடவில்லை. பொருட்படுத்தாதே, போவதுதான் சரி என்று எழுதியிருந்தாய். அதில் மறுபடி என் முழங்காலை விசாரித்திருந்தாய். அதனால் அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை.

பூக் குழுவினருக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. கனடா குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம் என்றால் இங்கே வெயில் கொளுத்துகிறது.

உன் அக்கா,
ஈனிட்


குரோமர்
25 ஆகஸ்ட் 1978

என் அக்காவுக்கு,

உன் கடிதம் பல் டாக்டர் கிளினிக்குக்கு வந்தது, நான் வேலைக்குப் போன பிறகு தபால்காரர் அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார். நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே படித்தேன், அழுதேன். பல் பிடுங்க வந்த ஒருவர், "உள்ள அவ்வளவு வலிக்குமாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்தே போய்விட்டார். டாக்டர் என்மேல் கோபமாக இருக்கிறார். எனக்குக் கவலையில்லை.

உன்னைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். பன்னிரண்டாம் தேதி கடற்கரையில் போய் நின்று, மேலே போன ஒவ்வொரு விமானத்தையும் நீதான் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இப்போது தேடினால் திட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாம் எங்கே போயிற்றோ. இவ்வளவு லேசாக நான் இருந்து பல நாள் ஆகிறது.

பூக் குழுவினரிடம் உண்மையைச் சொல். "போகப் பிடிக்கலை, உங்க பெட்டி ரொம்ப நல்லாருக்கு" என்று. நீயே பார், பாதிப்பேர் அப்பாடா என்பார்கள். நீ போய்விட்டால் ஈஸ்டருக்கு லில்லி மலர் அடுக்க அவர்களுக்கு வேறு கை கிடையாது.

கார்ஃபீல்டு எழுதியிருக்கிறார். அன்று மாலையே மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். மகள், "அப்பாடா" என்றாளாம். விற்பனைப் பலகையைப் பிடுங்கி அவரைக்கொடிக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார். அடுத்த ஜூனில் அவரும் தருமத்துக்குத் தோட்டம் திறக்கிறாராம். "மஞ்சள் அட்டையை ஆணி அடித்து வைக்கிறேன், ஆனால் நீங்கள் மாடிக்கும் வரலாம்" என்று எழுதியிருக்கிறார். ஃப்யூஷியா குச்சிகளில் அவர் கொடுத்த நான்கும் அழுகிவிட்டன. நான் திருடியது வேர்விட்டு இரண்டு இலை விட்டிருக்கிறது.

மிஸஸ் பிரீஸுக்கு இன்று காலையே எழுதிப் போட்டேன்: ஜூன் இரண்டாவது வாரம், இரண்டு கட்டில், இரண்டிலும் மனிதர்கள். நீ அந்தத் தோல் பெட்டியைக் கொண்டுவா. செடிக் குச்சிகள் வைக்க என் கைப்பை எப்போதுமே போதாது.

ஒன்பதாம் தேதி விமான நிலையத்தில் நிற்பேன். தொந்தரவா இல்லையா என்று நான் கேட்கப்போவதில்லை. உன் முழங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

தெல்மா